மலையோடைக் கெளிறுகளும் சிங்கப்பூர்க் காட்சிசாலையும்

சிங்கப்பூர்த் தீவில் மலை என்று சொல்லத்தக்கது புக்கித் தீமா ஒன்றே. அதன் உயரமும் ஏறத்தாழ 164 மீட்டர்தான். பாறைக்குப் பாறை மோதி இரைந்து விழும் பேரோடை எதுவும் இத்தீவில் இல்லை. ஆயினும், மலாய்த் தீபகற்பத்தின் மலையோடைகளிலும் காட்டு நீரிலும் வாழும் சிறு கெளிறுகளைப் பற்றி உலகம் அறிந்தவற்றுள் கணிசமான பங்கு இத்தீவின் வழியாகவே வெளிப்பட்டது. மலையில் அகப்பட்ட மீன் ஸ்பிரிட்டுக் குப்பியில் அடைபட்டு ஸ்டாம்ஃபோர்டு சாலைக் காட்சிசாலைக்கு வந்தது. சில வேளை அங்கிருந்து கப்பலேறிக் கல்கத்தாவுக்கும் சென்றது. விரல் நீளமும் இல்லாத மீன்கள் பல இவ்வாறு பெயர் பெற்றன. அப்பெயர்களின் வரலாற்றை நோக்கினால், ஒரே கேள்வி மீண்டும் மீண்டும் எழக் காண்கிறோம். இரண்டு உயிர்கள் தோற்றத்தில் ஒத்திருந்தால், அவ்வொப்புமை உறவினால் வந்ததா, வாழுமிடத்தினால் வந்ததா?

தமிழ் வாசகர்க்கு இதைச் சொல்லிலிருந்து தொடங்குவது எளிது. செதிலற்ற வழுவழுப்பான தோலும், வாயைச் சுற்றி மீசையும், முதுகிலும் பக்கங்களிலும் குத்தும் முள்ளும் உடைய மீன்களைக் கெளிறு என்றும் கெளுத்தி என்றும் வழங்குகிறோம். கெடிறு என்ற பழைய வடிவம் ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியில் உண்டு. ஆங்கு அது கழியில் கூட்டமாய்த் திரியும் மீன், சிறுவெண்காக்கைக்கு இரை. சந்தையிலும் குளத்திலும் கழியிலும் காணும் பெரிய வகைகளுக்கே இச்சொற்கள் பெரிதும் பழகின. அருவிக்கு அடியில் கல்லைப் பற்றிக் கிடக்கும் சிற்றுயிர் விலைக்கு வருவதில்லை; ஆதலால் சந்தைத் தமிழில் அதற்குத் தனிப் பெயரும் இல்லை.

மலாய் மொழியில் ஒருவகைக் கெளிற்றுக்குக் 'கெலி' என்று பெயர். தேக்கா சந்தையில் நம்மவர் 'கெளுத்தி' என்பதையும் மலாய்க்காரர் 'கெலி' என்பதையும் அடுத்தடுத்துக் கேட்பவர்க்கு, இரண்டும் ஒரே வேர் என்று சொல்லிவிட நாக்குத் துடிக்கும். ஆனால் ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு சொல்லுறவை நாட்டலாகாது என்று வகுப்பில் நாமே கற்பிக்கிறோம். இடைப்பட்ட வடிவங்கள் வேண்டும். பழைய ஆவணம் வேண்டும். மீன்களை வகைப்படுத்துவோர்க்கும் இதே இடர் உண்டு. அவர்களுடைய ஆவணம், குப்பியிலே கிடக்கும் மீன்.

மலையோடை என்பது மீனுக்கு எளிய இருப்பிடமன்று. நீர் குளிர்ந்தது, உயிர்வளி நிறைந்தது, ஆனால் ஓயாமல் இழுத்துச் செல்வது. மழை பெய்த சில நாழிகையில் முழங்கால் நீர் மார்பளவு ஆகிவிடும். மேலே மரங்கள் கவிந்திருப்பதால் வெயில் குறைவு; நீர்ப்பாசியும் குறைவு. எனவே ஓடையின் உணவு பெரும்பாலும் கரைமரங்களிலிருந்து விழும் இலைகளில் தொடங்குகிறது. இலையைப் பூச்சிகளின் இளம்புழுக்கள் தின்னும். புழுவைச் சிறு கெளிறு தின்னும். கூலாலம்பூருக்கு அருகே ஓடும் கொம்பாக் ஆற்றைப் பிஷப் என்பவர் ஊற்றுமுதல் சமவெளிவரை ஆராய்ந்து 1973-இல் ஒரு நூலாக வெளியிட்டார். ஒரு சிற்றாறு தன் போக்கில் எத்தனை வேறு உலகங்களாக மாறுகிறது என்பதை அதில் காணலாம்.

இத்தகைய நீரில் இரண்டு வகையாகப் பிழைக்கலாம். ஒன்று, இழுக்கும் நீரிலேயே பாறையைப் பற்றிக் கிடப்பது. கிளிப்டோதோராக்ஸ் என்னும் பேரினம் அவ்வாறு செய்கிறது. அப்பெயருக்குச் 'செதுக்கிய மார்பு' என்பது பொருள். அதன் மார்பின் அடிப்புறத்தில் தோல் வரிவரியாக மடிந்திருக்கும். அம்மடிப்புகளின்மேல் நகப்பொருளாலான மிக நுண்ணிய முட்கள் உள்ளன. பாறையின் சொரசொரப்பில் அவை மாட்டிக்கொள்ள, மீன் நிலைகொள்கிறது. உடலின் அடிப்புறம் தட்டை, பக்கத் துடுப்புகள் இருபுறமும் கிடையாக விரிந்தவை, வாய் கீழ்நோக்கியது. மற்ற மீன்களை மிதக்கச் செய்யும் காற்றுப்பை இதற்குச் சிறுத்துவிட்டது. மிதந்தால் அடித்துச் செல்லப்படும் அன்றோ?

மற்றொரு வழி, கற்களுக்கும் மணலுக்கும் இலைக் குப்பைக்கும் இடையில் ஒடுங்கிவிடுவது. அக்கீசிஸ் என்னும் பேரினத்தின் வழி அது. மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் அளவுள்ள இம்மீன்களின் தோல் முழுவதும் மருக்கள் வரிசையாய் எழுந்திருக்கும். பழுப்பும் கறுப்பும் திட்டுத்திட்டாய்க் கலந்த நிறம். அசையாமல் கிடந்தால் நனைந்த சுள்ளி என்றோ கூழாங்கல் என்றோ எண்ணிக் கடந்துபோவோம். பகலெல்லாம் இப்படிக் கிடந்து இரவில் இரை தேடும். வலைக்கும் தூண்டிலுக்கும் எளிதில் அகப்படாது. துபா என்னும் கொடியின் வேரை நசுக்கி நீரில் கலந்து மீன்களை மயக்கிப் பிடிக்கும் பழைய வழக்கம் இத்தீபகற்பத்தில் உண்டு. கல்லிடுக்கில் ஒளியும் மீன்கள் மனிதர் கண்ணில் பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஓடையின் உயிர் அனைத்தையும் வாட்டும் முறையாதலால் அதை நான் புகழ வரவில்லை.

இனிப் பெயரிட்டவர்களைப் பார்ப்போம். தொடக்ககாலத்தவர் பலரும் மருத்துவர்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான தியடோர் கேன்ட்டர் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் நீர்களில் கண்ட மீன்களைத் தொகுத்து மலாய் மீன் அட்டவணையை 1849-இல் அமைத்தார். பத்தாவியாவிலிருந்த டச்சுப் படை மருத்துவர் பீட்டர் பிளீக்கர் 1858-இல் அக்கீசிஸ் பேரினத்தை வகுத்தார். கிளிப்டோதோராக்ஸ் பேரினத்தை 1860-இல் வகுத்த எட்வர்டு பிளைத் மட்டும் மருத்துவரல்லர். கல்கத்தாக் காட்சிசாலைக் காப்பாளர். சென்னை மாகாணப் படையில் மருத்துவராயிருந்த பிரான்சிஸ் டே, நீலகிரி அடிவாரத்துப் பவானியாற்று மீன் ஒன்றுக்குச் சென்னையின் பெயரையே சூட்டி 1873-இல் வெளியிட்டார். அதுவே இன்று கிளிப்டோதோராக்ஸ் மதராஸ்பட்டானஸ் எனப்படுவது. பவானிக் கரையில் குளித்து வளர்ந்த எத்தனை பேர்க்குத் தம் காலடியில் கிடந்த இம்மீனின் பெயர் தெரியும்!

கேன்ட்டர் முதலியோர் தாங்கள் கண்ட மீன்களைக் கல்கத்தாவுக்கோ இலண்டனுக்கோ ஹாலந்துக்கோ அனுப்பவேண்டியிருந்தது. சிங்கப்பூரில் 1849-இல் சிறிதாகத் தொடங்கிய காட்சிசாலை, 1887-இல் ஸ்டாம்ஃபோர்டு சாலையில் ராஃபிள்ஸ் நூலகமும் காட்சிசாலையுமாகத் தனிக் கட்டடம் பெற்றது. அக்கட்டடமே இன்றைய தேசிய அரும்பொருளகம். சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தே செல்லும் தொலைவுதான். 1928-இல் காட்சிசாலை தன் ஆய்விதழைத் தொடங்கியபின், மீனை இங்கேயே வைத்து, பெயரையும் இங்கேயே அச்சிட வழி பிறந்தது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் ஹெர், அவ்விதழில் 1940-இல் ஜொகூரின் மீன் ஒன்றைப் புதிய பேரினமாக விவரித்தார். அக்கீசிஸுக்கு அண்மையது எனக் கருதிப் பாராக்கீசிஸ் என்று பேரினப் பெயரிட்டார்; உடலெங்கும் மரு இருந்தமையால் வெருக்கோசா என்று சிற்றினப் பெயரிட்டார். இம்மீனை மறவாதிருக்க வேண்டுகிறேன். பின்னர் இதனிடம் திரும்பி வருவோம். மறு ஆண்டு, அதாவது 1941-இல், காட்சிசாலையின் மலாயா மீன்களைப் பற்றிய குறிப்புகள் அதே இதழில் வந்தன. எழுதியவர்கள் கல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையிலிருந்த ஹோராவும் குப்தாவும்.

சுந்தர் லால் ஹோரா பஞ்சாபில் 1896-இல் பிறந்தவர். மலையருவி மீன்களின் உடல் மாற்றங்களைப் பற்றி 1922-இலும், அருவிநீர் உயிர்களின் வாழ்வையும் படிமலர்ச்சியையும் பற்றி 1930-இலும் அவர் எழுதிய கட்டுரைகள் இத்துறையின் அடிப்படை நூல்களாக மதிக்கப்படுகின்றன. அவர் அருவியை வெறும் இருப்பிடமாகக் கொள்ளவில்லை; உயிரை வடிவமைக்கும் விசையாகக் கண்டார். முற்றிலும் வேறு குலத்தைச் சேர்ந்த பாறையொட்டும் அயிரைக்கும் கிளிப்டோதோராக்ஸ் கெளிற்றுக்கும் தட்டையான அடிப்புறமும் விரிந்த துடுப்பும் பொதுவாயிருப்பது, ஒரே விசை இரண்டையும் அழுத்தியதன் விளைவு.

இவ்வாய்வுக்கு நடுவில் போர் புகுந்தது. காட்சிசாலையின் இயக்குநர் சேசன் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரைவிட்டுக் கப்பலில் தப்பும்போது கடலில் உயிரிழந்தார். ஜப்பானியர் ஆட்சியில் காட்சிசாலை சூறையாடப்படவில்லை. ஜப்பானிய அறிஞர் தனகடாத்தேயும், மார்க்விஸ் தொகுகாவாவும் அதற்குக் காவலாயிருந்தனர். ஆங்கிலேயத் தாவரவியலார் கார்னரும் மீன்வளத்துறை அதிகாரி பர்ட்விசிலும் உடனிருந்து உழைத்தனர். பகைவர் கையில் விழுந்த தொகுப்பு இவ்வாறு பிழைத்தது. கல்கத்தாவிலோ வேறு கதை நடந்தது. குண்டுவீச்சுக்கு அஞ்சி விலங்கியல் ஆய்வுத்துறையின் தொகுப்புகள் 1942-இல் காசிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 1943-இல் அங்கே வருணை ஆறு பெருக்கெடுத்துக் கட்டடத்தில் புகுந்து மாதிரிகள் பலவற்றைக் கெடுத்தது. குண்டுக்குத் தப்பியவை ஆற்று வெள்ளத்துக்குத் தப்பவில்லை.

வெள்ளம் வந்த மறு ஆண்டிலேயே ஹோரா தம் புகழ்பெற்ற கருத்தை எழுதத் தொடங்கினார் என்பது வியப்புக்குரியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளிலும் மலாய் மலைகளின் ஓடைகளிலும் ஒரே பேரினத்து மீன்கள் வாழ்கின்றன. இடையிலோ பரந்த சமவெளிகள். இழுக்கும் குளிர்நீரை விட்டு வாழமாட்டாத மீன்கள் அவற்றை எவ்வாறு கடந்தன? 1944-இல் எழுதிய கட்டுரையிலும் 1949-இல் நடந்த கருத்தரங்கிலும் அவர் விடை கூறினார். மலாய், அசாம் பகுதிகளின் ஓடை மீன்கள், காரோ மலைக்கும் இராஜமகால் மலைக்கும் இடைப்பட்ட தாழ்நிலம் ஒரு காலத்தில் உயர்ந்திருந்தபோது அதைத் தாண்டி, விந்திய சாத்பூரா மலைத்தொடரைப் பாலமாகக் கொண்டு மேற்கே சென்று, பிறகு மேற்குத் தொடர்ச்சி மலைவழியே தெற்கே இறங்கின என்பது அவர் கொள்கை. சாத்பூராக் கொள்கை என்று அதற்குப் பெயர். இ. ஜி. சைலஸ் போன்ற அடுத்த தலைமுறையினர் மற்றக் குடும்பங்களிலும் அதைச் சோதித்தனர்.

கடல் கடந்து வந்து குடியேறிய நமக்கு இக்கொள்கை இனிக்கிறது. நாம் கிழக்கே வந்தோம், மீன்கள் நமக்கு முன்பே மேற்கே சென்றன என்று சொல்லி மகிழலாம். ஆயினும் இனிமை சான்றாகாது. சாத்பூரா மலைகள் இடையறாத உயர்ந்த பாலமாக இருந்தமைக்கு நிலவியற் சான்று போதவில்லை என்ற மறுப்பு எழுந்தது. மரபணு ஆய்வு வந்தபின் மற்றொரு கேள்வியும் வலுத்தது. இரு நாட்டு மீன்களும் உண்மையில் உறவா, ஒத்த ஓடையில் வாழ்ந்து ஒத்துப்போனவையா? ஹோராவே கற்பித்த பாடத்தை அவர் கொள்கையின்மேலேயே திருப்பிக் கேட்டார்கள். அதற்கு எல்லா உயிர்க்கும் பொருந்தும் ஒரே விடை கிடைக்கவில்லை. ஒவ்வொரு குலத்தையும் தனித்தனியே ஆராய வேண்டியிருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றினங்களைக் கொண்ட கிளிப்டோதோராக்ஸில் அவ்வேலை எளிதன்று. கொள்கை ஆட்டங்கண்டாலும் ஹோராவின் கேள்வி ஆட்டங்காணவில்லை என்பது என் எண்ணம்.

போருக்குப்பின் சிங்கப்பூரில் இவ்வேலையைத் தொடர்ந்தவர் காட்சிசாலையின் விலங்கியற் காப்பாளர் எரிக் ஆல்ஃபிரெட். சிங்கப்பூர் நன்னீர் மீன்களைப் பற்றிய அவருடைய நூல் 1966-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் மலாயாவின் புதிய அக்கீசிஸ் ஒன்றை விவரித்து, மலாயாப் பல்கலைக்கழகத்து விலங்கியலாளர் ஹென்ட்ரிக்சனின் பெயரை அதற்கு இட்டார். 1998-இல் ங் ஹியோக் ஹீ, மொரிஸ் கொட்டலா இருவரும் மற்றோர் அக்கீசிஸுக்கு ஆல்ஃபிரெட்டின் பெயரையே இட்டனர். ஆசிரியர் பெயரை அடுத்த தலைமுறை இவ்வாறு மீனில் எழுதிவைக்கிறது.

இனி ஹெர் விவரித்த பாராக்கீசிஸுக்கு வருவோம். இச்சிறு மீன் குடும்பம் குடும்பமாக மாறிய கதை வேடிக்கையானது. டைசன் ராபர்ட்ஸ் 1989-இல் அதைத் தனிக் குடும்பமாகவே பிரித்தார். 1996-இல் பிரேசில் நாட்டு அறிஞர் மாரியோ டி பின்னா, எலும்புக் கூறுகளை வரிசையாக ஒப்பிட்டு, அதை அக்கீசிஸின் குடும்பத்தில் சேர்த்தார். அவர் அதோடு நிற்கவில்லை. தென் அமெரிக்காவின் ஆஸ்பிரெடினிடே என்னும் கெளிற்றுக் குடும்பமும் இந்த ஆசியக் குலத்தின் உறவே என்று கருதினார். பத்தாண்டுகள் கழித்து, 2006-இல் வந்த மரபணு ஆய்வு அவ்வுறவை ஏற்கவில்லை. ஆஸ்பிரெடினிடேயைத் தென் அமெரிக்கக் கெளிறுகளோடேயே வைத்தது. பெருங்கடலுக்கு இரு கரையிலும் சேற்றிலும் இலைக்குப்பையிலும் கிடந்து வாழ்ந்தவை ஒன்றுபோலாயின என்றே கொள்ளவேண்டியிருக்கிறது.

ஒப்புமை இத்தகைய பெரிய உறவுகளில் மட்டும் ஏமாற்றுவதில்லை. அடுத்த வீட்டிலும் ஏமாற்றும். சிங்கப்பூரில் கிடைத்த பாராக்கீசிஸை ஜொகூரின் வெருக்கோசா என்றே நெடுநாள் எழுதிவந்தனர். 1995-இல் ங் ஹியோக் ஹீயும் கெல்வின் லிம்மும் பேரினம் முழுவதையும் மறுபடி ஆராய்ந்தனர். குப்பியில் இருந்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தபோது, மூக்கு நீண்ட மற்றொரு சிற்றினம் வெளிப்பட்டது. அதற்கு லாங்கிரோஸ்டிரிஸ், அதாவது நீள்மூக்கு, என்று பெயரிட்டனர். சிங்கப்பூரில் வாழ்வது அதுவே. தனக்குரிய பெயரின்றி, வேறொன்றின் பெயரில் அது இத்தனை ஆண்டும் கிடந்தது.

இவ்வொப்பீடு நடக்கப் பழைய குப்பிகள் இருந்தாகவேண்டும். அவை இல்லாமற்போகவும் இருந்தன. 1970-களில் ஸ்டாம்ஃபோர்டு சாலைக் காட்சிசாலை வரலாற்றுக்கென மாற்றப்பட்டபோது, விலங்குத் தொகுப்பு பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நிலையான இடமின்றி அது மாறி மாறித் தங்கிய ஆண்டுகளில், காப்பாளர் யாங் சாங் மான் அம்மையார் அதைச் சிதறாமல் காத்தார். பெரிய கண்டுபிடிப்பைச் செய்தவர் பெயர் நூலில் ஏறுகிறது. ஸ்பிரிட்டு வற்றாமல் குப்பியை நிரப்பிவைத்தவர் பெயரும் அதே பக்கத்தில் ஏறவேண்டும் என்பேன். தொகுப்பு பின்னர் கென்ட் ரிட்ஜில் நிலைபெற்று, 1998-இல் ராஃபிள்ஸ் பல்லுயிர் ஆய்வுக் காட்சியகமாகி, 2015 முதல் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் இருக்கிறது.

குப்பியில் இருப்பது காக்கப்பட்டது. ஓடையில் இருப்பது? சிற்றோடைக் கெளிற்றுக்குப் பெரும்பகை மண். மலைச்சரிவில் காட்டை வெட்டினால், மழைநீர் மண்ணைக் கரைத்து ஓடையில் சேர்க்கிறது. நீர் கலங்குவது கண்ணுக்குத் தெரியும் கேடு. அதனினும் பெரிது கண்ணுக்குத் தெரியாதது. கூழாங்கற்களுக்கு இடையிலுள்ள இடுக்குகளை வண்டல் அடைத்துவிடுகிறது. அக்கீசிஸின் வீடும் அதன் இரையான புழுவின் வீடும் அந்த இடுக்குகளே. கேமரன் மலையில் 1963-இல் அமைந்த ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் வண்டல் எவ்வளவு சேர்ந்தது என்பதைப் பார்த்தவர்க்கு, அதற்கு மேலுள்ள ஓடைகளின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. ஈயச் சுரங்கமும், ரப்பரும், பிற்காலத்தில் எண்ணெய்ப் பனையும், காய்கறித் தோட்டமும் ஒவ்வொரு காலத்தில் இந்தப் பங்கைச் செலுத்தின. நம் பாட்டன்மார் வெட்டிய தோட்டங்களும் அவற்றுள் அடங்கும். அவர்கள் கூலிக்கு வெட்டினார்கள், ஓடையின் கணக்கை யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. தோட்டப் பள்ளியில் பணிபுரியும் எனக்கு மழைநாளில் ஓடை தேநீர் நிறமாய்ப் போவது பழகிப்போன காட்சி. என் மாணவர் பலர் அதுவே ஓடையின் இயல்பான நிறம் என்று நினைத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேம்பியரும் மிளகும் பயிரிடக் காடு பெரும்பாலும் அழிந்தது. 1883-இல் கேன்ட்லி என்பவர் காடுகளின் நிலை குறித்து அளித்த அறிக்கைக்குப் பின்பே எஞ்சியவை காப்புக்காடாயின. குடிநீர்த் தேக்கங்களுக்கு நீர்தரும் காடு என்பதும் நடுத்தீவின் காட்டைக் காப்பாற்றியது. அதன் வடக்கே நீ சூன் சதுப்புக் காடு இருக்கிறது. அது மலையோடை அன்று. மரவேர்களுக்கிடையே தெளிந்த நீர் மெல்லச் செல்லும் தாழ்ந்த நிலம். ஆயினும் நிழலும், இலைக்குப்பையும், கலங்காத நீரும் வேண்டும் என்பதில் அங்குள்ள மீனும் மலை மீனும் ஒன்றே. சிங்கப்பூரின் நீள்மூக்குப் பாராக்கீசிஸ் வாழுமிடம் அந்தக் காடு. பகலில் அது வேரடியில் கிடக்கும் இலைகளின் கீழ் அசைவற்றிருக்கும்; இருட்டியபின் வெளிவந்து, மீசையால் தடவித் தடவிப் புழு தேடும்.